பொஸ்மன் தீர்ப்பும் விளையாட்டு வீரர்களின் உரிமையும்

பொஸ்மன் தீர்ப்பு என்பது 1995 டிசம்பர் 15 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். விளையாட்டுச் சங்கங்கள் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளும் சட்டத்துக்கு உட்பட்டவையே என்பதைப் பரவலாக உணர்த்திய வழக்கு இது.

பின்னணி

இங்கிலாந்தில் ஒரு காலத்தில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் காற்பந்து வீரரை விடுவிக்காமல் வைத்துக்கொள்ளக் கழகத்துக்கு அதிகாரம் இருந்தது. இதை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்தம் நியூகாசில் யுனைடெட் கழகத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். அவ்விதி ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

ஐரோப்பிய நீதிமன்றம் 1974இல் மிதிவண்டிப் பந்தயம் தொடர்பான வால்ரேவ் வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. விளையாட்டு எந்த அளவுக்குப் பொருளாதார நடவடிக்கையாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஐரோப்பியச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்பதே அது. நாட்டு அணித் தேர்வு போன்ற, விளையாட்டுக்கே உரிய விடயங்களுக்கு விலக்கு உண்டு.

வழக்கு

பெல்ஜியத்தின் லியேஜ் கழக வீரரான ஜான் மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990 ஜூனில் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் பெற்றுவந்த அவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 பிராங்க் மட்டுமே தர முன்வந்தனர். அவர் மறுத்து, பிரான்சின் டன்கர்க் கழகத்தில் சேர முயன்றார். டன்கர்க் பணம் செலுத்துமா என ஐயுற்ற லியேஜ், மாற்றச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. மாற்றம் நின்றுபோனது, பொஸ்மன் இடைநீக்கமும் செய்யப்பட்டார். அவர் நீதிமன்றத்தை நாடினார்.

தீர்ப்பு

தொழிலாளர்கள் உறுப்பு நாடுகளுக்கிடையே தடையின்றிச் சென்று வேலை செய்யும் உரிமையின் அடிப்படையில் நீதிமன்றம் இரண்டு முடிவுகளை அறிவித்தது:

1. ஒப்பந்தம் முடிந்த உறுப்பு நாட்டு வீரர் வேறோர் உறுப்பு நாட்டுக் கழகத்தில் சேரும்போது, பழைய கழகம் மாற்றுக் கட்டணம் கோர முடியாது.
2. கழகப் போட்டிகளில் பிற உறுப்பு நாடுகளின் வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்க முடியாது.

தொழில்முறை சாராத வீரர்கள்

சம்பளம் பெறாத வீரருக்குச் சட்டம் துணை நிற்குமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. பெல்ஜிய ஜூடோ வீராங்கனை கிறிஸ்டெல் டெலியேஜ் வழக்கில் 2000ஆம் ஆண்டு விடை கிடைத்தது. ஒரு சங்கம் ஒருவரை 'அமெச்சூர்' என வகைப்படுத்துவதாலேயே அவர் பொருளாதார நடவடிக்கையில் ஈடுபடாதவர் ஆகிவிடமாட்டார் என்றது நீதிமன்றம். ஆனால் போட்டிக்கு வீரர்களைத் தெரிவு செய்யும் விதி தவிர்க்க இயலாதது என்றும் கூறியது.

2019இல் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. ஜெர்மனியில் வாழ்ந்த இத்தாலிய மூத்தோர் பிரிவு ஓட்டக்காரர் ஒருவர், அந்நாட்டு வாகையர் போட்டியில் முழு உரிமையுடன் பங்கேற்க முடியாமல் போனது. ஊதியமின்றி ஓடுபவரும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்ற முறையில் பாகுபாட்டுக்கு எதிராகப் பாதுகாப்புப் பெறுகிறார் என்று தீர்ப்பானது.

விளைவு

1999இல் ஸ்டீவ் மெக்மனமன் மாற்றுக் கட்டணமின்றி லிவர்பூலிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றார். கழகத்துக்குப் போய்வந்த பணத்தின் ஒரு பகுதி வீரர்களின் ஊதியமாக மாறியது. பொஸ்மனுக்கோ தீர்ப்பு வந்தபோது வயது 31; அவரது ஆட்ட வாழ்வின் சிறந்த ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்திருந்தன. அவர் வென்ற உரிமையின் பயனைப் பெற்றவர்கள் பெரும்பாலும் அவருக்குப் பின்வந்தவர்களே.