படகும் ஒரு சின்ன கனெக்டரும்



பிள்ளைகளுக்கு ரிமோட் படகு செய்து கொடுப்பவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1898-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், ரேடியோ அலையால் இயங்கும் சிறு படகை நிகோலா டெஸ்லா காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ல் காப்புரிமையும் பெற்றார். படகை ஓட்டியது உள்ளே இருந்த பேட்டரி.

பின்னாளில் பொம்மைப் படகுகளுக்கு நிக்கல்-காட்மியம் பேட்டரி வந்தது. ஆறு செல், 7.2 வோல்ட். ஜப்பானிய டாமியா நிறுவனத்தின் பெயரால் வழங்கும் கனெக்டர் அதற்குப் போதுமானதாக இருந்தது. அடுத்து லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்தன. ஆம்பியர் கூடியது, பழைய கனெக்டர் சூடேறி உருகியது.

காரணம், பள்ளியில் படித்த ஜூல் விதிதான். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 10 ஆம்பியர் 40 ஆனால், அதே கனெக்டரில் சூடு 16 மடங்கு!

அதனால்தான் தங்கமுலாம் பூசிய எக்ஸ்டி30, எக்ஸ்டி60 வகைகள் நிலைத்தன. ஒரு பக்கம் மூலை சரிந்திருப்பதால் பிளஸ், மைனஸ் மாற்றிச் செருக முடியாது. சிறு படகுக்கு 30 போதும். வேகப் படகுக்கு 60. பேட்டரி பக்கம் எப்போதும் துளையுள்ள பெண் முனையே இருக்கட்டும். அப்போதுதான் சாவியோ ஆணியோ உரசி ஷார்ட் ஆகாது. ஷார்ட் ஆன லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். பக்கத்தில் இருப்பது நம் குழந்தை.

சின்னப் பொருள்தானே என்று இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்