கருமுட்டை இருப்பும் ரத்தப் பரிசோதனையும்

ஒரு ஸ்திரீயின் சினைப்பையில் எஞ்சியுள்ள கருமுட்டைகளின் இருப்பைச் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே ஊகித்துச் சொல்லும் வித்தை கைகூடுவதற்கு முன் வைத்தியர்கள் பட்ட சிரமம் கொஞ்சமன்று. 1940-களில், இவ்விருப்புக் குறையும்போது ரத்தத்தில் கூடுகிற, சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனை அளக்க வேண்டுமானால், ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த சிறுநீர் முழுவதையும் சேகரித்து, அதன் சாரத்தைப் பருவமெய்தாத சுண்டெலிகளுக்கு ஊசியால் ஏற்றி, பின்பு அவற்றின் கர்ப்பப்பை எவ்வளவு பருத்ததென்று எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். அத்தனை எலிகள் மாண்டும் கிடைத்த விடை தோராயமானதே.

இந்நிலையை மாற்றியவர்கள், நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுச் சாமான்கள் வைத்திருந்த அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு உழைத்த ரோசலின் யாலோ என்ற பௌதிக விஞ்ஞானியும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் ஆவர். கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனையும் ரத்தத்திலுள்ள ஹார்மோனையும் ஒரே எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடச் செய்து அளவைக் கணிக்கும் அவர்களுடைய முறை முதலில் இன்சுலினுக்கே பிரயோகமாகி, பின்னர் மற்ற ஹார்மோன்களுக்கும் பரவிற்று. 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, பெர்சன் காலமாகி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைக்க நெஞ்சம் கனக்கிறது.

இன்று பிரபலமான ஏ.எம்.எச். என்னும் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோனின் பூர்வ கதை வேறு. 1947-இல் பிரான்ஸில் முயல் கருக்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ஜோஸ்ட், கர்ப்பப்பைக்கு மூலமான குழாய்களை மறையச் செய்யும் பொருளொன்று ஆண்கருவின் விரையில் சுரப்பதாக நிறுவினார். அதுவே பெண்ணின் சிறு சினைக்குமிழ்களிலும் சுரப்பது பின்னர் தெளிவாகி, இந்த நூற்றாண்டில் முட்டை இருப்பின் அளவுகோலாயிற்று. ஆனால் இப்பரிசோதனைச் சீட்டிலுள்ள சிறிய எண்ணைக் கண்டு ஒரு பெண்ணை மலடியென்று கலங்கவைப்பது பெருங்கொடுமை. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருத்தரிப்பில் முன்பு குறையறியாத 30 முதல் 44 வயதுப் பெண்களில், அளவு குறைந்தவர்களும் ஏனையோரைப் போலவே இயல்பாகக் கருவுற்றனர்.