லேசர் ஸ்கேனர் பாதுகாப்பு (மும்பை)

லேசர் கதிரைக் கண்ணாடியால் ஓட்டும் ஸ்கேனரைத் தன் தயாரிப்புக்குள் பொருத்தி விற்பவர் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகள். இவை ஒளியின் வலுவை மட்டும் பார்ப்பதில்லை. கதிர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கின்றன.

மும்பைக்கு லேசர் சீக்கிரமே வந்தது. தியோடர் மைமன் 1960 மே மாதத்தில் முதல் லேசரை ஒளிரவைத்தார். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே, செம்பூரை அடுத்த டிராம்பே அணுசக்தி நிலையத்தில் காலியம் ஆர்சனைடு லேசர் உருவாகிவிட்டது. விதிகள் வரத்தான் நாளாயின.

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவின் டிராய் நகரப் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடை லேசர் படித்தது. அதன்பின் லேசர் ஆய்வகத்தை விட்டுக் கடைக் கல்லாவுக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் லேசர் விதி நடைமுறைக்கு வந்தது. கதிரை ஓட்டும் கண்ணாடி நின்றாலோ வேகம் குறைந்தாலோ, வெளிவரும் ஒளி அந்தக் கருவியின் வகுப்புக்குரிய (ஆபத்தின் அளவுப்படி தரப்படுவது வகுப்பு) வரம்பைத் தாண்டக்கூடாது என்று அது சொன்னது. காரணத்தைக் கணக்கே காட்டும். 20 செ.மீ. கோட்டை நொடிக்கு 100 முறை வரையும் கதிர், 7 மி.மீ. கண்மணியை 0.35 மில்லிநொடியில் கடந்துவிடும். மோட்டார் நின்றால் கதிர் ஒரே புள்ளியில் குத்திட்டு நிற்கும். இமை மூடவே 250 மில்லிநொடி ஆகும்.

அதே விதி பொறுப்பையும் பிரித்தது. பிறர் கருவியில் பொருத்துவதற்கென்றே விற்கும் லேசர் பாகம், அதைச் சொல்லும் லேபிளோடும் பொருத்தும் குறிப்புகளோடும் வந்தால் போதும்; சான்று தர வேண்டியவர் முழுக் கருவியைச் செய்பவர். பாகம் விற்றவரின் சோதனை அறிக்கையைக் காட்டித் தப்ப நினைப்பவர்கள் இன்றும் உண்டு, அது செல்லாது.

சர்வதேசத் தரம் 1984இல் ஐஇசி 825 என வெளியாகி, பின்னர் 60825 ஆனது. அதைத் தழுவியது இந்தியாவின் ஐஎஸ் 14624. எக்ஸ்ரே கருவிக்கு உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மும்பை அணுசக்தி நகரிலேயே இருந்தாலும் அதன் பார்வை அயனியாக்கும் கதிர்வீச்சின் மேல்தான். லேசர் அந்த இனத்தில் சேராது. லேசர் தரத்தைப் பின்பற்றும் கட்டாயம் வந்தது வேறு வழியில். 2012 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கட்டாயப் பதிவு ஆணை பிரிண்டரையும் ஸ்கேனரையும் ஐஎஸ் 13252 தரத்துக்குள் கொண்டுவந்தது. லேசர் உள்ள கருவியை அந்தத் தரம் 60825இன்படி சோதிக்கச் சொல்கிறது. பதிவு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி.

இந்த விதிகளின் பலனை மாட்டுங்காவின் எந்த ஜெராக்ஸ் கடையிலும் பார்க்கலாம். தாள் சிக்கியதும் கடைக்காரர் பிரிண்டர் மூடியைத் திறக்கிறார், ரீங்காரம் அடங்குகிறது. உள்ளே சுழலும் பலமுகக் கண்ணாடியில் பட்டு ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், பெரும்பாலும் ஆபத்தான 3பி வகுப்பு. மூடி திறந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருப்பதால்தான் முழு இயந்திரம் பாதுகாப்பான வகுப்பு 1 ஆகிறது.

தாராவி போன்ற பட்டறைப் பகுதிகளில் பெயர் பொறிக்கும் மார்க்கிங் மெஷின் கதை வேறு. ஃபைபர் லேசரின் 1064 நானோமீட்டர் கதிரை இரண்டு சிறு கண்ணாடிகள் ஓட்டுகின்றன. அதுவும் கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. அதன் வகுப்பு மிக ஆபத்தான 4. பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்தால் அதையும் வகுப்பு 1 ஆக்கலாம். சாமானை மாற்றி மாற்றி வைக்கத் தோதாக இருக்குமென்று பெட்டியே இல்லாமல் விற்கும் மெஷின்கள் சந்தையில் ஏராளம்.