ஆயிரம் என்னும் பேர்

திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணியவர்கள் பெரும்பாலும் சொல்லும் தொகை 953. அதை ஏழால் வகுத்தாலும் பதினேழால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும்; வேறு எந்தச் சிற்றெண்ணும் அதை மீதியின்றி வகுக்காது. பகுபடாமையால் அது பகா எண். அத்தனை தூண்களையும் சமமான வரிசைகளாக நிறுத்த எந்தச் சிற்பியாலும் ஆகாது. ஆனால் பேரில் நிற்பதோ பத்து மும்முறை பெருகிய, எட்டாலும் நூற்றிருபத்தைந்தாலும் இணக்கமாகப் பிரியும் ஆயிரம்.

பேரின் பின்பாதியைப் பாருங்கள். கணக்கர் வாயில் கால் என்றால் நாலில் ஒன்று; குறும்பாகப் படித்தால் ஆயிரங்கால் வெறும் 250! இங்கே நிற்பது பந்தற்காலிலும் முகூர்த்தக்காலிலும் உள்ள கால்.

முன்பாதிதான் நெடுங்கதை. கன்னடம் 'சாவிர' என்கிறது, வடமொழியில் 'ஸஹஸ்ர'. சிராவணம் ஆவணியானதுபோல, ஸீஸம் ஈயமானதுபோல, முதலில் நின்ற சகர ஒலி தமிழ் நாவில் உதிர்ந்து ஆயிரம் பிறந்தது என்பர் ஒருசாரார். சொல்லாராய்ச்சியாளர் பாவாணரோ அயிர் என்னும் நுண்மணலிலிருந்து அதை வருவித்தார். கோடையில் காவிரிப் பாலத்தைக் கடக்கும் திருச்சிக்காரருக்கு இந்த மணல்வேர் சட்டென்று பிடித்துவிடும், எனக்கும் பிடிக்கும். ஆயினும் ஒலிமாற்றத்தின் ஒழுங்கு முதற்கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. கடனென்றாலும் நமக்குக் குறைவில்லை: ஐ, அம், பல் என முடியும் பேரெண்களுக்குத் தொல்காப்பியரே புணர்ச்சி விதி வகுத்திருக்க, உரையாசிரியர்கள் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என விரித்தார்கள். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே வாழ்வோர்க்கு வெள்ளம் ஓர் எண் என்பது வியப்பாகவும் இராது.

வழக்குக்கு வந்த ஆயிரம் விரைவிலேயே கணக்கின் பிடியிலிருந்து நழுவியது. ஆயிரம் வேலை என்பவர் வேலைகளை எண்ணியவர் அல்லர். திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்பவர் ஆண்டுக்கணக்குச் சொல்பவரும் அல்லர். அளவு நிறைந்தது என்பதே அங்கெல்லாம் பொருள்.

மார்கழி, தை ஒட்டிய இராப்பத்து நாள்களில் உற்சவர் நம்பெருமாள் இந்த ஆயிரங்கால் மண்டபத்தில் எழுந்தருள, திருவாய்மொழி நாளுக்கொரு பத்தாக ஓதப்படுகிறது. தன்னை ஆயிரம் என்றே பதிகந்தோறும் சொல்லிக்கொள்ளும் நூல் அது. பதிகங்கள் நூறு, பயன் சொல்லும் பாட்டும் சேர, பதிகத்துக்குப் பதினொன்று, பன்னிரு திருப்பெயர்களைப் பாடும் ஒரு பதிகத்தில் மட்டும் பதின்மூன்று, ஆக 1102. நாற்பத்தேழு குறைந்த ஆயிரத்தினுள்ளே நூற்றிரண்டு மிகுந்த ஆயிரம் ஒலிக்க, கேட்போர் இரண்டையும் ஒரே பேரால் அழைக்கிறார்கள்.