பறக்கும் பொறியும் தாங்கும் ஆணியும்

ஈயத்தால் பெயர் பெற்ற கோப்பெங்கின் லம்பங்களில், மண்ணையும் நீரையும் மேலேற்றும் பம்புகளைப் பொறிகள் இயக்கின. பொறி எவ்வளவு அதிர்ந்தாலும் அதன் பளுவை ஏற்க நிலம் இருந்தது. அடித்தளத்து மரையாணி தளர்ந்தால், பொறியை நிறுத்தி ஆணியை முடுக்கலாம். நிலத்துப் பொறியை வானில் ஏற்றியவர்க்கோ அந்த வசதி இல்லை. அங்கே நிலத்தின் வேலையைச் செய்வது, பொறியை வானூர்தியோடு பிணைக்கும் தாங்கியும் அதன் ஆணிகளுமே ஆகும்.

சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஆஞ்செலிஸ், தாமே திட்டமிட்ட வானூர்தியைச் சிம்சன் நிறுவனத்தாரிடம் கட்டுவித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தார். வண்டி கட்டிய பட்டறையே வானூர்தியும் கட்டிற்று! மறு ஆண்டு மார்ச் 16இல் சிங்கப்பூரில் கிறிஸ்டியேன்ஸ் ஓட்டிய பிரிஸ்டல் வானூர்தியில் பிரெஞ்சு நாட்டு 'நோம்' பொறி இருந்தது. அதில் நடுத்தண்டு அசையாது. உருளைகள் யாவும் விசிறியோடு சுழலும். வானூர்தி திரும்பும்போதெல்லாம் அச்சுழல்நிறை பம்பரம்போல் எதிர்த்துத் தாங்கியை வருத்திற்று.

இக்காலச் சுழற்பொறி வேறு வகையினது. ஜெர்மானியர் வாங்கல் கருதிய அப்பொறி 1957இல் முதன்முதலாக ஓடிற்று. 1967இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அதனைக் காரில் வைத்து விற்றது. நிலையான கூட்டினுள் முக்கோண உருளி சுழல்வதால் அதிர்வு குறைவு. வலிமைக்கேற்ப உருவும் சிறிது. வீட்டிலேயே வானூர்தி கட்டுவோர் அதனை விரும்பியது இயல்பே.

ஆனால் காரில் ரப்பர் மெத்தைமேல் அமர்ந்த பொறி விசிறியின் இழுப்பை அறியாது. அதன் வேகம் விசிறிக்கு மிகுதியாதலால் பல்சக்கரங்களால் குறைக்கின்றனர். வேகம் குறையுமளவுக்கு முறுக்குவிசை பெருகி, அதன் எதிர்விசை தாங்கிக்கு வருகிறது. தரையிறங்கும் அதிர்ச்சி பொறியின் பளுவைப் பன்மடங்காக்குகிறது. மேலும், அப்பொறி வார்ப்புப் பகுதிகளை அடுக்கி நெடிய ஆணிகளால் இறுக்கியது. நினைத்த இடத்தில் துளையிட்டுத் தாங்கியைப் பொருத்த இயலாது.

ஆணித்தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ பளுவைத் தாங்கும் எஃகு என்பது பொருள். எனினும் ஆணியின் கேடு பெரும்பாலும் ஒரே இழுப்பில் வருவதன்று. தளர்ந்த ஆணி ஒவ்வோர் அதிர்விலும் நீண்டு சுருங்கிக் களைத்து முறிகிறது. முன்பே போதிய அளவு இறுக்கிய ஆணியோ அவ்விசையில் சிறு பங்கையே ஏற்கிறது. பூட்டுக்கம்பி கட்டுவதும் பிளவூசி செருகுவதும் அவ்விறுக்கத்தைக் காக்கவே. பேராக் தோட்டங்கள் உலகுக்கு அளித்த ரப்பர் அதிர்வைத் தணிக்கும். பொறியைக் கைவிடாது பிடிப்பது எஃகே.

இந்தியாவில் உருவான 55 குதிரைத்திறன் வாங்கல் பொறி, 2009 மார்ச்சில் கோலாரில் 'நிஷாந்த்' என்னும் ஆளில்லா வானூர்தியைப் பறக்கச் செய்தது. அது காருக்கென்று பிறந்த பொறியன்று, வானுக்கென்றே வகுக்கப்பட்டது. காரின் பொறியைக் கடன் வாங்குவோர், அதன் குதிரைத்திறனை எண்ணுமுன் அதைப் பிடிக்கும் ஆணியின் வலிமையை எண்ணுதல் வேண்டும். லம்பத்தில் தளர்ந்த ஆணி ஒரு நாள் வேலையைக் கெடுத்தது. வானில் அது உயிரையே கேட்கும்.