செல்ஃப் பிறந்த கதை

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் முதலில் கோத்து வெளியே அனுப்பியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார். வருஷம் 1949. அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியதெல்லாம் 1955-ல். அந்தத் தலைமுறைக் கார்களில் செல்ஃப் மோட்டாரும் இருக்கும், டிக்கியில் இரும்பு ஹேண்டிலும் கிடக்கும். செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றிக் கிளப்பலாம். இன்றைய காரில் ஹேண்டில் செருக ஓட்டையே கிடையாது. அதனால்தான் காலையில் எடுத்து, மதியம் மக்கர் செய்து, சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் எடுக்கிற கார் ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காகவே எடுக்கும். இந்தக் கோளாறைப் பிடிக்க, செல்ஃப் எந்த யோசனையில் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நிஜமாகவே உதவும்.

ஹேண்டில் காலத்தில் எஞ்சின் எதிர்ச்சுற்று உதைத்தால் மணிக்கட்டு முறியும், சிலருக்குத் தாடையும் போகும். கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் அப்படி அடிபட்டு இறந்துபோக, அவருடைய நண்பரும் கேடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லீலண்ட் மனம் உடைந்து, ஹேண்டிலை ஒழித்தே தீருவது என்று கிளம்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வேலை போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங்கிடம். எஞ்சினைச் சுற்ற எஞ்சின் அளவுக்கே மோட்டார் வேண்டியிருக்கும், அதைக் காரில் எங்கே வைப்பது என்று மற்றவர்கள் கைவிட்டிருந்த வேலை அது.

கெட்டரிங் அதற்குமுன் கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். கல்லா மோட்டார் ஒரு நொடி வேலை செய்யும், பிறகு சும்மா இருக்கும். செல்ஃபும் அப்படித்தானே? நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும். சில வினாடி தாங்கினால் போதும் என்றால், சின்ன மோட்டாருக்குள் அதன் தகுதிக்கு மீறிய கரண்டைப் பாய்ச்சிவிட்டு, சூடேறுமுன் நிறுத்திவிடலாம். 1911-ல் செய்து காட்டினார். 1912 மாடல் கேடிலாக்கில் அது விற்பனைக்கே வந்தது. பற்சக்கரம் தானாகப் போய்ப் பல்லில் மாட்டித் தானாக விலகும் ஏற்பாடு வின்சென்ட் பெண்டிக்ஸ் கொடுத்தது. நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் அந்தச் சாமானுக்குப் பெயர் பெண்டிக்ஸ்தான். சென்னையில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், அங்கே பாடி என்னும் பகுதியில் செல்ஃப் மோட்டார்களைச் செய்து தருகிறது.

கெட்டரிங்கின் அந்த யோசனைக்குள்ளேயே இந்தக் கோளாறும் இருக்கிறது. சின்னக் காரின் செல்ஃப்கூட 150 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை சேர்ந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே தொலையும். அதே மூட்டு வழியாக 5 ஆம்பியர் விளக்கு எரிந்தால் இழப்பு வெறும் 0.1 வோல்ட். விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது, செல்ஃப் மட்டும் 'டக்' என்று நின்றுவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். புது பேட்டரிக்குப் பணம் கொடுத்தும் தீராததற்குக் காரணமும் இதுவே.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோரமாய் நிற்கும் வண்டிகளை உப்புக்காற்று முதலில் தாக்குவது இந்த மூட்டுகளைத்தான். டெர்மினலில் பச்சை பூத்தால் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டையின் முனை துருவேறுவதும், ரப்பர் உறைக்குள் செம்புக் கம்பி கறுத்துப்போவதும் வெளியே தெரியாது. எஞ்சின் சூட்டில் தடை இன்னும் கூடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவந்து அணைத்த கார் உடனே எடுக்காமல், ஆறியதும் எடுப்பது இப்படித்தான்.

ஆகவே சும்மா நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்துப் பயனில்லை. ஒருவர் சாவியைத் திருப்பும்போதே அளக்கவேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முளையின் மேல் (கிளாம்பின் மேல் அல்ல), மறுமுனை எஞ்சின் இரும்பின் மேல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுத்துப் பாருங்கள். உடனே எடுத்தால் பட்டையை மாற்றுங்கள், மோட்டாரில் கைவைக்க வேண்டாம். ஸ்பேனரால் மோட்டாரை ஒரு தட்டு தட்டினால் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்தத் தட்டை நம்பித் தூரப் பயணம் போகாதீர்கள்.

சத்தமே வராவிட்டால் சங்கதி வேறு. சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் என்று தேடல் அந்தப் பக்கம் போகவேண்டும். எனவே அடுத்தமுறை மக்கர் செய்யும்போது பதறாமல் மூன்றைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்: என்ன சத்தம் வந்தது, ஹெட்லைட் மங்கியதா, எஞ்சின் சூடாக இருந்ததா.