வந்தவர் எவரோ அவரே கிறிஸ்து

கிறிஸ்தவத்தில் விருந்தோம்பல் வெறும் உபசாரமன்று. அது ஒரு வழிபாடு. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என அழைக்கும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் 53ஆம் அதிகாரத்தில் இதை விதியாகவே வைத்தார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் அதற்கு அடிப்படை.

விருந்தினர் வந்ததும் முதலில் சேர்ந்து செபிக்க வேண்டும். மடத்தலைவரே அவர் கைகளுக்கு நீர் ஊற்றுவார். துறவிகளுடன் சேர்ந்து பாதங்களைக் கழுவுவார். முக்கிய நோன்பு நாள் தவிர, விருந்தினருக்காகத் தம் நோன்பையும் விடுவார்.

ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் கூடுதல் கவனிப்பு. செல்வந்தருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும், ஏழைக்குக் கிடைக்காது. அதனால், வாசலில் ஏழையின் குரல் கேட்டால் வாயிற்காப்போன் முதலில் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறது 66ஆம் அதிகாரம்.

பெனடிக்ட் சபை மடங்களில் விருந்தினர் இல்லம் இன்றும் உண்டு.